புல்லுக்கு வேலி

"பெரியவரே, காலை எடுங்க! புல்லு மேல நிக்கிறீங்க!"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில், வேலியைத் தாண்டி நின்றிருந்த பெரியவர் துள்ளிக் குதித்துச் சிமெண்ட் பாதைக்கு வந்தார்.

இருப்பிடச் சான்றிதழுக்காக அவள் இந்தத் தாலுகா அலுவலக வரிசையில் நிற்பது இது பதினோராவது நாள். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு காகிதத்தை இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். குமாஸ்தாவோ ஜன்னலுக்குள்ளிருந்து தலை நிமிராமலே "நாளைக்கு வாங்க" என்பார். பத்து நாளும் அதே பாட்டுதான்.

வாசலிலிருந்து அந்த ஜன்னல் வரைக்கும், வழக்கமாக வரிசை நிற்கிற இடமெல்லாம் புல். தரையோடு தரையாகப் படர்கிற குட்டைப் புல். வெப்ப நாடுகளில் அதுவும் நாலைந்து இடத்தில்தான் இருக்கிறதாம். பெரிய பெரிய தோட்டங்களில் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டும் பட்டுப்போன புல், இங்கே அதிகாரியின் கைராசியில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது.

அதிகாரிக்கு அதுதான் உயிர். காலையில் வந்ததும் கோப்பைத் தொடமாட்டார்; ஸ்கேலும் கையுமாக மண்டி போட்டுப் புல்லை அளப்பார். 'வளர்ப்பது எப்படி?' என்று அவர் பத்திரிகையில் எழுதியது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, உரம் கூடவே கூடாது. கடைசிப் பக்குவம் மட்டும் தொழில் ரகசியமாம்.

ஆறு நாளைக்கு முன் அதற்கு விருது கொடுக்கிறார்கள் என்று வெளியூர் கிளம்பிப் போனார். அன்றைக்குத்தான் தையல்காரம்மாவுக்குப் பொறி தட்டியது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அல்லவா? இத்தனை அருமையான புல்லை இத்தனை பேர் சேர்ந்து மிதித்துத் துவைத்தால் எந்த மனுஷனுக்குத்தான் கையெழுத்துப் போட மனசு வரும்?

கடையிலிருந்த வெட்டுத் துணிகளைக் கயிறாக முறுக்கினாள். குச்சி நட்டு, சுற்றிலும் வேலி கட்டி, மொத்த வரிசையையும் சிமெண்ட் பாதைக்கு விரட்டினாள். மீறிக் கால் வைத்தவர்கள் அவள் வாயில் விழுந்து எழுந்தார்கள்.

ஆனாலும் புல் என்னவோ சோர்ந்துதான் கிடந்தது. வேலிக்குள் பழுப்பேறி, நடுநடுவே கோரை தலைதூக்கியிருந்தது. ஆட்கள் வந்து நிற்பதால் வேலி போட முடியாத ஜன்னலடியில் மட்டும் பச்சை குறையவில்லை. எல்லாம் வெயில் கொடுமை என்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை வேலிக்குள் கவிழ்த்தாள்.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். வேலியைப் பார்த்தார். கையிலிருந்த விருதுக் கேடயம் நழுவிக் கீழே விழுந்தது.

"யாரு... யாரு இதைக் கட்டினது?"

"நான்தான் சார்! ஆறு நாளா ஒரு கால் படவிடல!"

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. கேடயத்தைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று உள்ளே போனார்.

"பாத்தீங்களா பெரியவரே! மனுஷன் அழுதேபுட்டாரு" என்றாள் தையல்காரம்மா.

ஐந்தே நிமிடத்தில் குமாஸ்தா ஓடி வந்தார்.

"இந்தாங்கம்மா உங்க சர்டிபிகேட். உங்களைத்தான் முதல்ல அனுப்பச் சொன்னாரு. இனிமே நீங்க இந்தப் பக்கமே வரவேண்டாமாம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் வெள்ளைச் சீருடையில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. முத்திரையைத் தடவிப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், அதன் கீழே தேதியைப் பார்த்தாள்.

"இதுல நான் வந்த முதல் நாள் தேதியில்ல போட்டிருக்கு! அன்னிக்கே ரெடின்னா, அப்புறம் எதுக்கு சார் எங்க எல்லாரையும் தினம் வரச் சொன்னீங்க?"

குமாஸ்தா குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டே, வரிசையை மறுபடி புல் மேலேயே நகரச் சொல்லிக் கை காட்டினார்.

"தினம் இருநூறு பேர் மிதிச்சாத்தாம்மா இந்தப் புல்லு பொழைக்கும்."