பெயர் வைத்தவர்கள்

ஆபீஸிலிருந்து வந்த சந்திரமௌலி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அலமு, இன்னிக்கு ஒரு அநியாயத்தைக் கேள்விப்பட்டேன்.”

அலமுவுக்குப் பக்கென்றது. கீழ் ஃப்ளாட்டில் இருக்கும் பிரெஞ்சுக்கார அம்மாள் மதாம் த்ரம்ப்ளேயைத் தீபாவளிச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பெண் கமலினி வாசலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டாளோ?

“என்ன அநியாயம்?” என்றாள் மெல்ல.

“எங்க ஆபீஸ் பிரிச்சர்டை இங்கிலீஷ்காரர்னு சொல்லிட்டேன். மனுஷனுக்கு முகமே சுண்டிப் போச்சு. நான் வேல்ஸ்காரன், வெல்ஷ்ங்கறார். வெல்ஷ்னா என்ன அர்த்தம் தெரியுமோ?”

“ஊர்ப் பேர்தானே?”

“அந்நியன்னு அர்த்தமாம். இங்கிலீஷ்காரா கடல் தாண்டிப் பிரிட்டனுக்கு வந்து, அங்கேயே காலங்காலமா இருந்தவாளைப் பார்த்து அந்நியன்னு சொல்லியிருக்கா. அதுவே பேரா நின்னுடுத்து.”

அலமுவுக்கு வேடிக்கையாக இருந்தது. பயம்கூட மறந்துபோயிற்று.

“அப்போ அவா தங்களை என்னன்னு சொல்லிப்பா?”

“கம்ரி. ஒரே மண்ணோட மனுஷான்னு அர்த்தமாம். எத்தனை அழகான பேர். அதை விட்டுட்டு, நேத்திக்கு வந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து நீ யாருன்னு கேட்டா அடுக்குமா? எனக்கு ரத்தம் கொதிக்கறது.”

மாண்ட்ரியலுக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் அவர் இப்படிக் கொதித்து அலமு பார்த்ததில்லை. குளிருக்கும் பஸ்ஸுக்கும் அலுத்துக்கொள்வதோடு சரி. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு நியாயம் பேசுகிற மனுஷரிடம் சொல்லவா பயந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“ஏன்னா, கீழ் ஃப்ளாட் மதாமைத் தீபாவளிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ கமலினியைத் தன் குழந்தை மாதிரி பார்த்துண்டாளே. தாத்தா காலத்துலேர்ந்து இதே தெருதானாம் அவளுக்கு. நம்மாத்துப் பண்டிகை எப்படியிருக்கும்னு ஆசையாக் கேட்டா.”

சந்திரமௌலி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்ல மனுஷிதான், யார் இல்லேன்னா? அதுக்காக, நாளும் கிழமையுமா ஃபாரினர்ஸெல்லாம் எதுக்கு அலமு?”