அடிக்காத பக்கம்

அப்பா மல்லாட்டைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மருந்தடிக்கும் டேங்கில் ஊற்றினேன்.

பூச்சி மருந்து இல்லை. கடலைச் செடி மேலே வளராமல் இருப்பதற்கான மருந்து.

எனக்கு அதுதான் புரியவில்லை. விதைத்ததிலிருந்து வளரணும் வளரணும் என்று உரம் வைத்தோம். இப்போது வளராதே என்று மருந்து.

"கொடி மேலயே போய்ட்டு இருந்தா விழுது மண்ணுல இறங்காது. நின்னாத்தான் காய் பிடிக்கும்" என்றார் அப்பா.

கடையில் கொடுத்த நோட்டீசைப் படித்துப் பார்த்தேன். செடியை நீளச் சொல்லும் சத்தை இது உள்ளேயே அடைத்துவிடுமாம். ஸ்டெரால் என்று ஒன்றையும் மாற்றிவிடுமாம்.

ஸ்டெரால் என்றால் என்ன? மேல் வகுப்பில் வருமோ என்னவோ. களையெடுக்க ஆள் இல்லை என்று ஒன்பதாவது பாதியிலேயே அப்பா என்னை நிறுத்திவிட்டார். மல்லாட்டை பிடுங்கியதும் திரும்பச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் மருந்து அடித்த பக்கம் குட்டையாக, கரும்பச்சையாக இருந்தது. அது நோயா, நல்லதா என்று பார்த்தால் தெரியவில்லை.

உப்பளத்து ரோட்டில் ஷேர் ஆட்டோ நின்றது. பெருமுக்கல் பாக்கியலட்சுமி அத்தை இறங்கி, வரப்போடு வந்தாள். தூரத்துச் சொந்தம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏண்ணா, இது இன்னும் வளருமா?"

அப்பா வாயைத் துண்டால் கட்டியிருந்தார். நானே பதில் சொன்னேன்.

"அடிச்ச பக்கம் வளராது அத்தை. அடிக்காத பக்கம் வளரும்."

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாய் மட்டும் நல்லா வளந்திருக்குது."

கிட்டே வந்தாள். என் தோளோடு தன் தோளை ஒட்டி நின்று பார்த்தாள்.

"எங்க பையன் திருமுருகன் கொஞ்சம் குள்ளம்ணா. பொண்ணு அவன விட ஒசந்துடக் கூடாதுல்ல. அதான் கேட்டேன்."

அப்பா துண்டை அவிழ்த்தார்.

"இதுக்கு மேல வளராதும்மா. நின்னுடுச்சு."

"படிப்பு?"

"அதுவும்தான்."

குடம் சாய்ந்து என் காலெல்லாம் தண்ணீர்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, அடிக்காத பக்கம் இறங்கினார்.