தாங்கிப் பிடிப்பவள்

"உள்ள இருக்கிற பிசாசே, உன் பேரென்ன?" என்று பாஸ்டர் என் நெற்றியில் கைவைத்துக் கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், எனக்கு ஒரு பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். யாரென்று சொல்லவில்லை. அதனால்தான் அம்மா ஜெபத்துக்கு இழுத்து வந்திருந்தாள். அங்கே பாஸ்டர் கைபட்டு விழும் பெண்களைப் பின்னால் நின்று தாங்குவது அவர் மகள் பெர்சிஸ். எனக்குப் பிடித்தவள் அவளேதான். பேர் தெரிந்தால் அவளை வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். பதில் சொல்லாமல் விழுந்தேன். ஆறு வெள்ளிக்கிழமைகளாக விழுகிறேன்.

"மெதுவா விழு புள்ள, என் இடுப்பு போச்சு" என்பாள் காதருகில்.

"பொல்லாத பிசாசும்மா, அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க" என்பார் பாஸ்டர்.

நேற்று அவர் கை படுவதற்கு முன்பே விழுந்துவிட்டேன். எல்லோரும் "அல்லேலூயா" என்று கத்தினார்கள். அம்மா மட்டும், என்னை இன்னும் விடாமல் பிடித்திருந்த பெர்சிஸைப் பார்த்தாள். பிறகு பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.