ஹானாவைக் கண்டீர்களா?

"அஞ்சு வருசமாப் போச்சம்மா. இனி அப்பாவின்ர ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுப்பம்" என்றாள் கரோலின்.

வேரோனிக்கா, தான் துப்புரவு வேலை செய்யும் ரொறன்ரோத் தேவாலயத்தின் சுவரில் தொங்கிய பழைய அறிவித்தலைத் துடைத்தாள். "உதில என்ன எழுதியிருக்கு? ஞாயிறு தவறாமல் வாசிக்கினம்."

"'என் மனைவி ஹானாவைக் காணவில்லை. கண்டவர்கள் அறிவியுங்கள்.'"

"ஐயோ, ஆற்ற மனுசி?"

"இங்கத்தைய முதல் போதகற்ற மனுசி. அவர் அடிமையில்லாத கறுப்பர். அமெரிக்க உள்நாட்டுச் சண்டையில சிப்பாயா நிண்டவர். அடிமையா இருந்த மனுசியை எங்கயோ வித்துப்போட்டாங்கள். சாகுமட்டும் தேடினவராம். இது எழுதி நூற்றிமுப்பது வருசமம்மா."

"இன்னும் வாசிக்கினமே?"

"ஓம்."

வேரோனிக்கா கைப்பையிலிருந்து கணவரின் படத்தை எடுத்து நீட்டினாள்.

"அப்ப அப்பாவின்ர பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லு. அவர் ஊரில காணாமப் போய் அஞ்சு வருசந்தானே."