மாவுக்குப் பின்னால் ஒரு சீஸ்

மளிகைக் கடை ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு கொடைக்கானல் சீஸ் இருந்தது. கடைக்காரர் அதைத் தோசை மாவு பாக்கெட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். யார் வந்து சீஸ் கேட்டாலும், "தீர்ந்துபோச்சு" என்றார்.

'ஒளிச்சு வைக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்' என்று சீஸ் நொந்துபோனது.

ஐந்தாம் நாள் மாலை செலின் டீச்சர் வந்தார். "உங்களுக்குன்னுதான் எடுத்து வெச்சிருக்கேன், டீச்சர்" என்று கடைக்காரர் சீஸை வெளியே எடுத்தார். டீச்சர் அதை முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

கிளம்பும்போது சீஸ் மாவிடம் சொன்னது: "அஞ்சு நாளா யார் கண்ணுலயும் படாம என்னை மறைச்சு நின்னீங்க. ரொம்ப நன்றி."

"நான் இன்னிக்குக் காலையிலதான் வந்தேன்" என்றது மாவு. "முன்னாடி இருந்த மாவு விலைக்குப் போறப்ப சொல்லிட்டுப் போச்சு. பின்னாடி ஒருத்தர் இருக்கார், பார்த்துக்கோன்னு."