கூடுதல் அறை

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, இணையத்தில் பார்த்துச் செய்த என் குட்டி ரோபோ வீடெங்கும் ஊர்ந்து வரைபடம் வரைந்தது. மகள் அதன் பின்னாலேயே போனாள். கணினித் திரையில், சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஓர் அறை கூடுதலாகத் தெரிந்தது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் காற்று.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க, வாடகைய ஏத்திடுவாரு" என்றாள் மனைவி.

ரோபோ செய்பவர்களின் இணையக் குழுவில் கேட்டேன். சென்சார் கோளாறு, அந்த அறையை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அழித்தேன்.

ரோபோவின் சத்தம் நின்றது. மகளையும் காணவில்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினோம்.

சமையலறைச் சுவரில் காதை வைத்த மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் காதை வைத்தேன்.

"அப்பா, ஏன்ப்பா கதவ மூடிட்டீங்க?"