கொல்லையில் நட்ட கட்டைகள்

கொல்லையில் கரையான் புற்றுக்குப் பக்கத்தில் நட்டுவைத்திருந்த இரண்டு மரக்கட்டைகளையும் பிடுங்கி, மண்ணைத் தட்டிப் பார்த்த விஞ்ஞானி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, கரையான் அரிச்சிருச்சா?" பதறிக்கொண்டு ஓடிவந்தாள் மனைவி.

"ஒரு கீறல்கூட இல்ல."

"அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? பாலிமர்ல ஊறவெச்சா கரையான் கிட்டவே வராதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்க! ஜெயிச்சாச்சுல்ல?"

"ஒண்ணுதான் ஊறவெச்சது. இன்னொண்ணு சாதாக் கட்டை. அதைக் கரையான் தின்னு தீர்த்திருந்தாத்தானே என் பாலிமரோட அருமை தெரியும்? இப்ப ரெண்டும் முழுசா இருக்கு. நாளைக்கு டைரக்டர் முகத்துல எப்படி முழிப்பேன்? இந்தக் கரையானுக்கெல்லாம் என்னதான் கேடு வந்துச்சோ!"

மனைவி மெல்ல ஓரடி பின்னால் போனாள்.

"திட்டாதீங்க. கட்டை தப்பிச்சாத்தான் பிரமோஷன்னு சொன்னீங்களா... நீங்க ஆபீஸ் கிளம்பினதும் தினமும் கரையான் மருந்து ஊத்தினேன்."

விஞ்ஞானி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஊத்தினதுதான் ஊத்தினே, பாலிமர் கட்டைக்கு மட்டும் ஊத்தியிருக்கக் கூடாதா?"

"அது எனக்குத் தோணாம இருக்குமா? எது பாலிமர் கட்டைன்னு தெரியாமத்தானே ரெண்டுக்கும் ஊத்தித் தொலைச்சேன்!"